கலாசாலைக்கேற்ற மிதிவண்டியும் அதைத் திருத்தும் முறையும்

கலாசாலை ஆண்டுமலரில் மிதிவண்டியைப் பற்றி எழுதப் புகுவது சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். இலக்கியமும் சமயமும் விஞ்ஞானமும் ஆராயப்பெறும் பக்கங்களில் டயரும் செயினும் இடம்பெறத் தகுமோ என்று வினவுவாரும் உளராவர். ஆயினும், நாள்தோறும் நம்மைக் கலாசாலை வாயிலிற் கொண்டுவந்து சேர்க்கும் பொருளொன்று நமது பொழுதோடும், நம் பெற்றோரது பொருளோடும், சிற்சில வேளைகளில் நமது உயிரோடும் தொடர்புடையதாக இருக்கின்றது. அத்தகைய பொருளைக் குறித்துச் சிறிது நேரம் ஆராய்ந்து பார்த்தல் கற்றார்க்கு இழுக்காகாது என்பது எமது கருத்து.

‘ஹைப்ரிட்’ என்று கடைக்காரர் வழங்கும் நேர்கைப்பிடி மிதிவண்டியை நம் மாணவருட் சிலரும் இளம் ஆசிரியருட் சிலரும் இப்பொழுது விரும்பி வாங்குகின்றனர். வாங்கியதோடு அமைகின்றார்களோ எனின், இல்லை. திங்கள்தோறும் ஓர் உறுப்பைக் கழற்றி எறிந்து, அதனினும் விலையுயர்ந்த வேறோர் உறுப்பைப் பொருத்தி, ஈற்றில் வண்டிக்குக் கொடுத்த விலையினும் மிகுதியாக அதன் திருத்தத்திற்குக் கொடுத்தவராய் நிற்பாரும் உண்டு. இது நற்பழக்கமா, தீப்பழக்கமா? எதனைத் திருத்துதல் வேண்டும்? எதனைத் திருத்தாது விடுதல் வேண்டும்? இவ்வினாக்களுக்கு நாம் கூறும் விடை இதுவே: வண்டியை மழையிலும் இருளிலும் காற்றிலும் நாள் தவறாது ஏறிச் செல்வதற்கு உதவும் திருத்தங்கள் முதலிடம் பெறுக, தேய்ந்தவற்றை உரிய காலத்தில் மாற்றுதல் இரண்டாமிடம் பெறுக, பிறர் கண்டு வியத்தற்பொருட்டுச் செய்பவை இறுதியில் நிற்க, அல்லது நில்லாது ஒழிக.

இவ்வண்டியின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். 1817-ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டு மான்ஹைம் நகரில் கார்ல் ஃபான் டிரைஸ் என்பார், காலால் நிலத்தை உந்திச் செல்லும் இருசக்கர மரவண்டி ஒன்றை ஓட்டிக் காட்டினார். அதற்கு மிதியுமில்லை, சங்கிலியுமில்லை. 1885-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்து ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பார், இரு சக்கரங்களும் ஏறத்தாழ ஒத்த அளவினவாய், பின்சக்கரத்தைச் சங்கிலி இழுக்கும் ‘ரோவர்’ வண்டியை வெளியிட்டார். இன்றைய மிதிவண்டியின் உருவம் அதனின்றே கிளைத்ததாகும். 1888-இல் பெல்பாஸ்ட் நகரத்து ஜான் பாய்டு டன்லப் காற்றடைத்த டயருக்கு உரிமை பெற்றார். இம்மூன்று நிலைகளையும் கடந்த பின்னரே மிதிவண்டி எளியோர்க்கும் ஏற்ற ஊர்தியாயிற்று.

நம் முன்னோர் ஏறிச் சென்றவை ராலே, ஹெர்க்குலிஸ் முதலிய ஆங்கில நாட்டு வண்டிகளும், அவற்றை ஒத்து நம் நாட்டில் அமைக்கப்பெற்றவைகளுமாம். 1949-இல் சென்னையை அடுத்த அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் தோன்றிய பின்னர் இவ்வண்டிகள் தமிழ்நாட்டிலேயே பெருகின. கனத்த இரும்புச் சட்டமும், கம்பியால் இயங்கும் பிரேக்கும், ஒரே பற்சக்கரமும் உடைய அவ்வண்டி நெல்மூட்டையையும் சுமந்தது, பால்குடத்தையும் சுமந்தது. அதனை இகழ்வார் நன்றியில்லாதவராவர். நேர்கைப்பிடி வண்டியோ 1980-களின் பிற்பகுதியில் மேனாட்டிற் பரவிய கலப்பினம். மலைவழி வண்டியினின்று நேரான கைப்பிடியையும், பந்தய வண்டியினின்று பெரிய மெல்லிய சக்கரத்தையும் எடுத்து ஒன்றாக்கியமையால் அதற்குக் கலப்புப் பொருள்படும் ‘ஹைப்ரிட்’ என்னும் பெயர் ஏற்பட்டது.

இக்கலப்பினம் நம் ஊர்ச் சாலைக்கு ஏற்றதா என்பதே அடுத்த வினா. திருநெல்வேலி டவுனிலிருந்து பாளையங்கோட்டைக்கு வருபவர் ஈரடுக்கு மேம்பாலத்தையும், சந்திப்பு நெரிசலையும், தாமிரபரணியின்மேல் அமைந்த சுலோசன முதலியார் பாலத்தையும், வண்ணார்பேட்டை, முருகன்குறிச்சி ஆகியவற்றையும் கடந்து வருதல் வேண்டும். தொலைவு ஏறத்தாழ 6 அல்லது 7 கிலோமீட்டர். மணிக்கு 15 கிலோமீட்டர் விரைவில் வரினும் அரைமணி நேரத்திற்குள் வந்து சேரலாம். இத்தகைய வழியில் விரைவினும் விழிப்பே பெரிது. நேர்கைப்பிடியிற் கைவைத்து ஏறக்குறைய நிமிர்ந்து அமர்பவன் முன்னால் நிற்கும் பேருந்தையும் பக்கத்தே திரும்பும் ஆட்டோவையும் ஒருங்கே காண்கிறான். பிரேக் எப்பொழுதும் அவன் விரலடியிலேயே உள்ளது. வளைந்த கைப்பிடியுடைய பந்தய வண்டியில் மேற்பகுதியைப் பிடித்துச் செல்லும்போது பிரேக்கிற்குக் கையை நகர்த்த வேண்டியிருக்கும். அந்நொடிப் பொழுது நெரிசலிற் பெரும்பொழுதாகும்.

காற்றைப் பற்றியும் இங்கே கூறவேண்டும். ஆனி, ஆடித் திங்கள்களில் மேற்குமலைக் கணவாய்களின் வழியே புகுந்து வரும் காற்றின் வன்மையை நெல்லைச் சீமையார்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. காலையிற் கிழக்கு நோக்கிக் கலாசாலைக்கு வருபவனை அக்காற்று முதுகிற் கைவைத்துத் தள்ளிவிடும். மாலையில் மேற்கு நோக்கி டவுனுக்குத் திரும்புபவனை அதுவே மார்பிற் கைவைத்துத் தடுக்கும். நம் சாலை சமநிலமாயிற்றே, கியர் எதற்கு என்பார்க்கு இதுவே விடை. நமக்கு மலையில்லை, காற்றே மலை. அதனை ஏறுதற்கு எளிதான கியர் இரண்டு மூன்று இருத்தல் நன்று.

வேறு வண்டிகளோடு ஒப்பிட்டும் பார்த்தல் முறையாகும். முன்பக்கத்தில் வில்பொருத்திய மலைவழி வண்டியின் தோற்றத்தில் இளைஞர் பலர் மயங்குகின்றனர். விலைகுறைந்த வண்டிகளில் அவ்வில் எடையை மிகுவிக்குமே யன்றிப் பெரும்பயன் தருவதில்லை. மிதிக்குந்தோறும் அது அமுங்கி எழுவதால் நமது வலிமையிற் சிறுபங்கு வீணாகின்றது. அகன்ற முட்டயர் சேற்றிற்கு உரியது. தார்ச்சாலையில் அது இரைந்து இழுக்கும். பழைய இரும்பு வண்டியின் குறை வேறு வகையது. முலாம் பூசிய இரும்பு ரிம் மழையில் நனையுமாயின் பிரேக் கட்டை வழுக்கும். வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நில்லாது. அலுமினிய ரிம் ஈரத்திலும் அதனினும் நன்றாகப் பிடிப்புக் கொடுக்கும். இவற்றையெல்லாம் நோக்கின், வில்லில்லாத முன்கவையும், 32 முதல் 40 மில்லிமீட்டர் வரை அகலமுள்ள டயரும் உடைய நேர்கைப்பிடி வண்டி நமது தேவைக்கு இயைந்ததே என்னலாம்.

இனித் திருத்தத்திற்கு வருவோம். காசின்றிச் செய்யத்தக்க முதல் திருத்தம் ஆசனத்தின் உயரத்தைச் செம்மை செய்தல். மிதி கீழ்நிலையில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீளுதல் வேண்டும். பின்னர் அடிப்பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் சிறிது மடங்கி நிற்கும். ஆசனத்தை மிகத் தாழ்த்தி வைத்துக்கொண்டு முழங்கால் வலிக்கின்றது என்று விலையுயர்ந்த மிதிகளை வாங்குபவர் நோய் ஒன்றிருக்க மருந்து வேறொன்று உண்பவரை ஒப்பர். வண்டியின் சட்டம் தன் உயரத்திற்குப் பெரிதாகவோ சிறிதாகவோ இருப்பின் எவ்வுறுப்பை மாற்றியும் பயனில்லை. ஆதலின் வாங்கும்போதே ஏறி ஓட்டிப் பார்த்து வாங்குக.

காசு கொடுத்துச் செய்யும் திருத்தங்களில் தலைமை பெறுவன விளக்கு, மணி, பூட்டு, காற்றடிக்கும் பம்பு ஆகிய நான்கும். இவை பெரும்பாலும் வண்டியோடு சேர்ந்து வருவதில்லை. யானையை விலைக்கு வாங்கியவன் அங்குசத்திற்குக் காசில்லை என்பது போல, பல்லாயிரம் ரூபாய்க்கு வண்டி வாங்கியவர் சில நூறு ரூபாய் விளக்கிற்குத் தயங்குதல் தகாது. கார்த்திகை, மார்கழியில் ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வரும்போதே இருள் சூழ்ந்துவிடுகின்றது. முன்னே வெண்விளக்கும் பின்னே செவ்விளக்கும் இல்லாதவன் பின்வரும் லாரி ஓட்டுநர்க்குப் புலப்படுவதே இல்லை. விளக்கு நாம் பார்ப்பதற்கு மட்டுமன்று. நம்மைப் பிறர் பார்ப்பதற்குமாம். தலைக்கவசத்தையும் இவற்றோடு சேர்த்து எண்ணுக.

பூட்டைக் குறித்து ஒரு சொல். இவ்வண்டிகள் பலவற்றிற் சக்கரத்தைக் கருவியின்றிக் கையாலேயே கழற்றும் நெம்புகோல் உண்டு. பந்தயக்காரர்க்கு அது நன்மை. சாலையோரத்தில் வண்டியை நிறுத்துவோர்க்கு அது திருடனுக்கு வைத்த அழைப்பு. அதனை நீக்கி ஸ்பானரால் முடுக்கும் நட்டினைப் பொருத்துதல் சிறுசெலவில் முடியும் பெருந்திருத்தம். பூட்டும்போது சட்டத்தையும் பின்சக்கரத்தையும் அசையாத கம்பி ஒன்றோடு சேர்த்துப் பூட்டுக.

அடுத்து வருவன மட்கார்டும் கேரியரும். ஐப்பசி மழை தொடங்குமுன் முழுநீள மட்கார்டு பொருத்தாதவர் முதுகில் ஒரு சேற்றுக்கோட்டோடு வகுப்பிற்குள் நுழைவர். அழகு கெடும் என்று அதனை விலக்குவாரை நாம் கண்டுளோம். சேறு படிந்த வெண்சட்டையில் எவ்வழகு உளதோ அறியோம். புத்தகப்பையை முதுகிற் சுமப்பதினும் கேரியரில் வைத்துக் கட்டுவது நம் வெயிலுக்கு ஏற்றது. இவ்விரண்டையும் முடுக்குதற்குரிய துளைகள் சட்டத்திலும் முன்கவையிலும் இருக்கின்றனவா என்று வாங்கும்போதே நோக்குதல் வேண்டும்; சில வண்டிகளில் அவை இரா.

டயரை மாற்ற விரும்புவோர் அளவுகளை அறிந்து செல்க. நேர்கைப்பிடி வண்டியின் சக்கரத்தைக் கடைகளில் ‘700 சி’ என்பர். அதன் டயர் அமரும் ரிம்மின் குறுக்களவு 622 மில்லிமீட்டர். நம் பழைய வண்டியின் 28 அங்குலச் சக்கரத்திற்கோ அவ்வளவு 635 மில்லிமீட்டர். இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும்; ஒன்றன் டயர் மற்றொன்றிற்கு இயையாது. சக்கரத்தின் பெயரை நம்பாது, டயரின் பக்கத்தில் ‘35-622’ என்பது போல அச்சிட்டிருக்கும் எண்களைப் படித்து வாங்குவோர் ஏமாற்றம் அடையார். முதல் எண் டயரின் அகலம். இரண்டாம் எண் ரிம்மின் அளவு. வண்டியோடு வந்த டயர் தேய்ந்தபின், முள்ளும் கண்ணாடித்துண்டும் எளிதிற் புகாத காப்புப்பட்டை உள்ள டயரை வாங்குதல் பொருளைப் பொருளாகப் பயன்படுத்துவதாகும். தேர்வு நாளன்று வழியிற் பஞ்சர் ஆவதைக் காட்டிலும் கொடியது மாணவனுக்கு யாதுளது?

காற்றைப் பற்றிய கவனமின்மையால் ஏற்படும் கேடே மிகுதி. நல்ல டியூபும் நாளடைவிற் சிறிது சிறிதாகக் காற்றை இழக்கும். வாரத்திற்கு ஒருமுறை காற்றடைப்பவனது வண்டி, விலையுயர்ந்த உறுப்புகள் பொருத்திக் காற்றைக் கவனியாதவனது வண்டியினும் எளிதாக ஓடும். டயரின் பக்கத்திற் குறித்த அளவைக் கடவாதிருத்தல் வேண்டும். பல நேர்கைப்பிடி வண்டிகளில் மோட்டார் வண்டிக்குரிய வால்வே அமைந்துள்ளமையால் பெட்ரோல் பங்கிலேயே காற்றுப் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் அங்கு காற்று விரைந்து புகுமாதலின் அளவில் விழிப்பு வேண்டும்.

தேய்வனவற்றுள் முதன்மையானது செயின். அதன் ஒவ்வொரு கணுவிற்கும் இடையே உள்ள நீளம் அரை அங்குலம். ஆகவே 24 கணுக்கள் சரியாக 12 அங்குலம் இருத்தல் வேண்டும். இரும்பு அளவுகோல் ஒன்றை வைத்து அளந்து, அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு மிகுந்திருப்பின் செயினை மாற்றிவிடுக. எட்டில் ஒரு பங்கு மிகும்வரை வாளாவிருப்பின் நீண்ட செயின் பற்சக்கரங்களையும் தின்றுவிடும். அப்பொழுது ஒன்றற்குச் செலவிட வேண்டியவர் மூன்றற்குச் செலவிடுவார். பிரேக் கட்டையும் அத்தகையதே. அதில் வெட்டியிருக்கும் கோடு மறைந்தபின்னும் ஓட்டுபவர் கட்டையின் விலையை மிச்சப்படுத்தி ரிம்மின் விலையைக் கொடுப்பர். இவற்றை மாற்றும் தருணமே திருத்துவதற்கும் தக்க தருணம். எவ்வாறாயினும் மாற்ற வேண்டிய ஒன்றைச் சிறிது மேலானதாக மாற்றுபவன் எதனையும் வீணாக்குவதில்லை. நல்ல நிலையிலுள்ளதைக் கழற்றி எறிபவனே வீணாக்குகின்றான்.

இனி மயக்கந்தரும் திருத்தங்களைப் பற்றிக் கூறுவோம். இருபத்தொரு கியர் என்று பெருமை பேசுவோரைக் காண்கின்றோம். முன்னே 28, 38, 48 பற்களுடைய மூன்று சக்கரங்களும், பின்னே 14 முதல் 28 வரை பற்களுடைய ஏழு சக்கரங்களும் அமைந்த வண்டியை எடுத்துக்கொள்வோம். முன்னே 48-இலும் பின்னே 24-இலும் செயினை வைப்பின், ஒருமுறை மிதித்தால் பின்சக்கரம் இருமுறை சுழலும். முன்னே 28-இலும் பின்னே 14-இலும் வைப்பினும் இருமுறையே சுழலும். பெயரில் இரண்டாயினும் பயனில் அவை ஒன்றே. இவ்வாறு ஒன்றையொன்று ஒத்தும் ஏறக்குறைய ஒத்தும் நிற்பவற்றைக் கழித்தால், உண்மையில் வேறுபட்ட கியர்கள் பன்னிரண்டிற்கு அப்பால் அதிகம் இரா. 35 மில்லிமீட்டர் டயருடைய சக்கரம் ஒரு சுற்றில் ஏறத்தாழ 2.17 மீட்டர் செல்லும். மேற்கூறிய வண்டியில் ஒரு மிதிக்கு 2.17 மீட்டர் முதல் 7.4 மீட்டர் வரை செல்லலாம். நம் சாலைக்கு இது வேண்டியதற்கு மேலேயே உள்ளது. எண்ணிக்கையைப் பெருக்குதற்குப் பணம் செலவிடுவது எற்றுக்கு?

பின்னேயுள்ள ஏழு பற்சக்கரத்தை ஒன்பதாக்க விரும்புவோர் முன்னர்க் கணக்கிட்டுப் பார்த்தல் நன்று. திருகி ஏற்றும் பழைய வகை ப்ரீவீல் உள்ள வண்டியாயின், பின்சக்கரத்தின் நடுக்குடமே மாறவேண்டும். அதனோடு பற்சக்கரத்தொகுதி, செயின், கியர்மாற்றும் பொறி ஆகியவையும் மாறவேண்டும். நேர்கைப்பிடியை வளைந்த கைப்பிடியாக்க நினைப்பார்க்கும் இத்தகைய இடர் உண்டு. நேர்கைப்பிடியில் பிரேக் நெம்புகோல் அமரும் இடத்தின் குறுக்களவு 22.2 மில்லிமீட்டர், வளைந்த கைப்பிடியில் அது 23.8 மில்லிமீட்டர். ஆகையால் பிரேக்கும் கியரும் புதிதாக வாங்கவேண்டும். வாங்கியபின்னும் அவை பழைய பிரேக்கோடு இயைந்து இழுப்பது உறுதியன்று. கோபுரங் கட்டத் தொடங்குமுன் செலவைக் கணக்கிட வேண்டும் என்னும் உவமையை நாம் சிற்றாலயத்திற் பலகாற் கேட்டிருக்கின்றோம். பந்தய வண்டி வேண்டுவோர் பந்தய வண்டியையே வாங்குக. நேர்கைப்பிடி வண்டியை வதைத்துப் பந்தய வண்டியாக்க முயலற்க.

இவ்வாறு கூறுங்கால், ‘பொறிகளைக் கழற்றி மாட்டி அறிவதிலே ஓர் இன்பம் உளதன்றோ? அதனையும் தடுப்பீரோ?’ என்று சில நண்பர் வினவலாம். அவ்வின்பத்தை நாம் தடுப்போமல்லோம். தன் வண்டியின் சக்கரத்தைத் தானே கழற்றி, பஞ்சர் ஒட்டி, கோட்டம் எடுத்து, பிரேக்கைச் செம்மைசெய்யக் கற்ற மாணவன், பௌதிக நூலிற் படித்த நெம்புகோலையும் உராய்வையும் தன் விரலால் உணர்ந்தவனாவான். கைத்தொழிலைத் தாழ்வாக எண்ணும் நம்மவரது பழம்பிழைக்கு இது சிறு மருந்துமாகும். அவ்வின்பம் ஸ்பானர் பிடிப்பதிலே உளது. விலைச்சீட்டில் இல்லை என்பதே நாம் கூற விழைவது. உறுப்பை வாங்கிக் கடையிற் கொடுத்துப் பொருத்திக்கொண்டு வருபவன் பொறியறிவு பெறுவதில்லை, கடன்மட்டுமே பெறுகிறான்.

சைக்கிள் கடைக்காரரையும் இவ்விடத்தில் நினைத்தல் கடப்பாடு. மரத்தடியில் ஒரு தகரப்பெட்டியும் நீர்த்தொட்டியும் வைத்துக்கொண்டு தொழில் நடத்தும் அவருக்குப் பழைய வண்டியின் ஒவ்வோர் ஆணியும் தெரியும். புதுவகைக் கியர் அவருக்குப் பழகாததாயின் அதனை இகழ்ச்சியாகக் கொள்ளாது, நாம் படித்து அறிந்ததை அவரிடங் கூறி, அவர் கையனுபவத்தை நாம் பெற்றுக்கொள்ளுதல் இருவர்க்கும் நன்மை தரும். அவர் கடை மூடப்படுமாயின், நம் வண்டி எவ்வளவு உயர்ந்ததாயினும் முதற் பஞ்சரோடு அது நின்றுபோம்.

‘இத்துணைத் தொல்லை எதற்கு? மோட்டார் சைக்கிள் வாங்கிவிடலாமே’ என்பார்க்கு விடை கூறுதல் எளிதன்று. நெடுந்தொலைவிலிருந்து வருவோர்க்கும், வீட்டிற்கு உழைக்கும் கடமையுடையோர்க்கும் அது வேண்டுவதாக இருக்கலாம். ஆனால் ஏழு கிலோமீட்டருக்குட்பட்ட தொலைவிற்குத் தந்தையைக் கடனாளியாக்கி மோட்டார் வண்டி வாங்குவது நியாயமன்று. மிதிவண்டியின் சிக்கனத்தை விஞ்ஞானமும் மெய்ப்பிக்கின்றது. 1973-ஆம் ஆண்டில் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ சஞ்சிகையில் எஸ். எஸ். வில்ஸன் என்பார் எழுதிய கட்டுரையில், மிதிவண்டி ஏறிய மனிதன் ஒரு தொலைவைக் கடக்க, நடப்பதற்கு வேண்டிய ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கையே செலவிடுகிறான் என்று எடுத்துக்காட்டினார். பெட்ரோலும் வேண்டாது, உடற்பயிற்சிக்குத் தனிப்பொழுதும் வேண்டாது செல்லும் ஊர்தி வேறு உளதோ?

ஆயினும் மோட்டார் வண்டியை நாடச் செய்வது தொலைவன்று, நாணமே என்பது எமது துணிபு. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் 11-ஆம் வகுப்பிற் பயில்வோர்க்கு அரசு விலையில்லா மிதிவண்டி வழங்குகின்றது. நம் மாணவருட் பலர் அவ்வண்டியிற் சென்றே பள்ளிப்படிப்பை முடித்தவர். கலாசாலையிற் சேர்ந்தவுடன் அவ்வண்டி வீட்டுத் திண்ணையில் துருப்பிடிக்கத் தொடங்குவது ஏன்? அது ஓடாமையாலன்று, பலரறிய அதன்மேல் வருதல் தாழ்வு என்னும் எண்ணத்தாலேயாம். அத்தகைய நண்பர்க்கு நாம் நேர்கைப்பிடி வண்டியைப் பரிந்துரைக்கப் போவதில்லை. வீட்டிலுள்ள வண்டிக்கு இரண்டு புதுப் பிரேக் கட்டையும், ஒரு விளக்கும், ஒரு துளி எண்ணெயும் இடுக. மூன்று நான்கு கிலோமீட்டர் தொலைவிற்கு அதனினும் மேலான திருத்தம் வேறில்லை.

நம் சகோதரிகளுக்கும் ஒரு சொல். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்த அறிவொளி இயக்கத்தில், அப்பொழுது மாவட்ட ஆட்சித் தலைவராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால், கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் எழுத்தோடு மிதிவண்டியும் கற்றனர். கல்லுடைப்போரும் வயலில் உழைப்போரும் ஏளனத்தைப் பொருட்படுத்தாது வண்டியேறித் தம் வேலைக்குத் தாமே சென்றனர். அவர்கள் ஏறியது கியரில்லாத எளிய வண்டியே. அவர்தம் வாழ்வைத் திருத்தியது வண்டியின் விலையன்று. பிறரை எதிர்பாராது தம் விருப்பப்படி செல்லலாம் என்னும் உரிமை. அதனினும் பெரிய மேம்பாட்டை எக்கடையில் வாங்கமுடியும்?

ஈற்றிற் கலாசாலையாரிடமும் பழைய மாணவரிடமும் ஒரு விண்ணப்பம். மிதிவண்டி ஏறி வருமாறு அறிவுரை கூறுவது எளிது. ஏறி வருவோர்க்கு இடமளிப்பதே கடன். வெயிலும் மழையும் படாத ஒரு கூரையும், சட்டத்தைச் சேர்த்துப் பூட்டுதற்கேற்ற உறுதியான இரும்புக் கம்பிகளும், ஒரு கால்பம்பும், சில ஸ்பானர்களும் வாயிலருகே அமையுமாயின், அதன் பயன் பல தலைமுறை மாணவரைச் சென்றடையும். இவற்றிற்கு ஆகும் செலவு பெரிதன்று. நம் ஆற்றின்மேல் 1843-இல் திறக்கப்பெற்ற பாலம் ஒரு தனிமனிதரின் கைப்பொருளால் அமைந்ததென்பதை நாம் அறிவோம். சுலோசன முதலியார் தாம் மட்டும் ஆற்றைக் கடப்பதற்கு ஓடமொன்றைத் திருத்திக்கொண்டு வாளாவிருந்திலர். யாவரும் கடக்கப் பாலம் அமைத்தார். பழைய மாணவர் சிலர் சேர்ந்து ஒரு கூரையை அமைத்தல் அரிதோ? ஆசிரியப் பெருமக்கள் வாரத்திற்கு ஒருநாளேனும் மிதிவண்டியில் வருவார்களாயின், மேற்கூறிய நாணம் ஒரு பருவத்திற்குள் அகன்றுவிடும் என்றும் நம்புகின்றோம்.

மாணவ நண்பர்காள்! நல்ல வண்டி வாங்குதல் தவறன்று. அதனை மேலும் நன்றாக்க விரும்புதலும் தவறன்று. ஆனால் ஒவ்வொரு செலவிற்கு முன்னும் ஒரு வினாவை நம்மை நாமே வினவிக்கொள்வோம்: இவ்வுறுப்பு நாளை காலையில் நான் வண்டியேறிப் புறப்படுவதை எளிதாக்குமா? ஆம் எனின் வாங்குக. பிறர் பார்வையை மட்டுமே எளிதில் இழுக்குமாயின், அக்காசைப் பையிலேயே வைத்துக்கொண்டு, சக்கரத்திற்குக் காற்றடித்துப் புறப்படுக.